கிழக்குச் சுவரில் ஒரு கதவு

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாளைக் காலையில் கான்ட்ராக்டர் டிக்சன் ஆட்களோடு தூத்துக்குடியிலிருந்து வந்துவிடுவார். உம்மா வீட்டில் மகளோடு இப்போது குடியிருக்கும் என் பங்கை இடித்துக் கட்டப்போகிறேன். முதல் வேலை, கிழக்குச் சுவரில் இருக்கும் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைப்பது. அதற்கு அப்பால் என் அக்கா ருஷ்தா லாத்தாவின் பங்கு.

காயல்பட்டினத்தில் அக்கா தங்கை வீடுகளுக்கு நடுவே இப்படிக் கதவு உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமலே போய் வருவோம். உம்மா மவுத்தானபோது நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிவிட்டார்கள். "பங்கு பிரிக்கவாவது வந்தியே" என்றாள் லாத்தா, அத்தனை பேர் முன்னால். அன்றைக்கு என் பக்கம் நான் போட்ட தாழ்ப்பாள்.

நான் ஆர்க்கிடெக்ட். மனையின் அளவு, வெயில், காற்று எல்லாம் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் வீடு வரைந்து தள்ளும் மென்பொருள் என்னிடம் இருக்கிறது. ஊரார் வீட்டுக்கெல்லாம் சமர்த்தாக வரைந்தது, என் வீட்டுக்கு மட்டும் மக்கர் பண்ணியது. எந்தப் பிளானிலும் படுக்கையறையில் சூட்டைக் காட்டும் சிவப்பு. முற்றத்தை நகர்த்தினேன், கூரையை உயர்த்தினேன். ம்ஹூம். மகள் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு அழுதாள். எரிச்சலில் கிழக்குச் சுவரில் கதவளவு இடைவெளி விட்டு மறுபடி ஓடவிட்டேன். சிவப்பு இறங்கிவிட்டது. கடற்காற்று லாத்தாவின் முற்றம் வழியாகத்தான் வந்தாக வேண்டுமாம்.

மெஷினுக்கு என்ன, சொல்லிவிட்டது. போய்க் கேட்க வேண்டியது நானல்லவா?

துபாயிலிருந்து என் கணவர் அஃப்ஸல் கூப்பிட்டார். "ஏசி போட்டுக்கிடலாம் ஹிபா. பிளான முடிச்சுக் குடு."

சரி என்று போனை வைத்தேன். மனசு கேட்கவில்லை. மகளை இடுப்பில் தூக்கி, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி, தெருவைச் சுற்றிப் போய் லாத்தா வாசலில் நின்றேன். படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"காத்துக்காகவா வந்த?"

"ஆமா." வீம்பு அப்போதும் விடவில்லை. "ஒன் பக்கத் தாழ்ப்பாளத் தொறந்தாப் போதும்."

லாத்தா என்னை அந்தக் கதவுக்குக் கூட்டிப் போனாள். அவள் பக்கத் தாழ்ப்பாள் சும்மா தொங்கியது. கதவை ஒட்டி ஒரு நாற்காலி கிடந்தது.

"நான் என்னைக்குப் போட்டேன்?" என்றாள். "புள்ள அழுத சத்தம் கேட்டா இங்கன வந்து உக்காந்திருப்பேன். வேற என்ன செய்ய?"

மகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கத் தாழ்ப்பாளைத் திறக்க வீட்டுக்கு ஓடினேன்.