காதுக்கு அளவு

நடுவரைப் பார்த்ததும் தையல்காரம்மா மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மனுஷன் கொடிக்கம்பமாட்டம் அவ்வளவு உயரம்!

கார் ஆடியோ போட்டி. மைதானத்தில் வரிசையாக வண்டிகள்; அதில் ஒன்று மகள் ஸ்பீக்கர் பொருத்தியது. நடுவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு மார்க் போடுவார். மகள் வேலை பார்க்கும் கடையின் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்: ஜெயித்தால் ஸ்பீக்கர் பொருத்தும் பொறுப்பு முழுக்க அவளுக்கு, தோற்றால் பழையபடி வயர் இழுக்கிற வேலைதான். அந்தக் கடையில் காது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத்தான். பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான்!

"பாப்பா, அந்தாளு உசரத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"டுவீட்டரை யார் காதுக்குத் திருப்பி வெச்சிருக்க?"

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. முன்கண்ணாடி ஓரத்தூண்களில் பதித்த அந்தக் குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டையும், அம்மாவை உட்காரவைத்துத்தான் மாசக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள். வேறு எவன் அவ்வளவு பொறுமையாக உட்காருவான்? அம்மாவோ குள்ளம். அவள் காதுக்குப் பாட்டுக்காரி டேஷ்போர்டு நடுவில் நின்று பாடுவாள். உயரமான ஆளுக்கோ அதே குரல் மழுங்கிப்போய் எங்கோ கீழே கிடந்து முனகும்.

"சொதப்பிட்டேன்மா."

"அழுது தொலைக்காத. முந்தின வண்டி இன்னும் முடியல. அந்தக் குஷனை எடு, அந்தாளு உசரத்துக்கு நான் உக்காருறேன்!"

மகள் பின்சீட்டிலிருந்த குஷன்கள் இரண்டையும் ஓட்டுநர் சீட்டில் அடுக்கினாள். தையல்காரம்மா நடுவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். எத்தனை பேருக்குச் சட்டையும் பேன்ட்டும் தைத்த கண் அது!

"ரெண்டு வேணாம், ஒண்ணு போதும். அவருக்கு உசரமெல்லாம் கால்லதான். உக்காந்தா அவ்வளவு தெரியாது."

ஒன்றைத் தூக்கிப் பின்னால் வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வேடிக்கை பார்த்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னம்மா, சிம்மாசனமா?"

"ஆமாடா, கண்ணு வெச்சிடாதீங்க!"

மகள் பாட்டைப் போட்டுவிட்டுத் திருகாணியைத் தளர்த்தி, டுவீட்டரை ஒரு மயிரிழை நிமிர்த்தினாள்.

"பாட்டுக்காரி இப்ப எங்க நிக்கிறாம்மா?"

"கண்ணாடிப் பக்கம் ஒதுங்குறா... இன்னும் கொஞ்சம்... ஆங், இப்ப நடுவுல! எனக்கு நேரா மூஞ்சியப் பாத்துப் பாடுறா!"

மகள் திருகாணியை இறுக்கி, தையல்காரம்மா குஷனோடு இறங்கவும் நடுவர் வரவும் சரியாக இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது. இறங்கவில்லை. இன்னொரு தடவை போட்டார். தையல்காரம்மாவுக்கு உயிரே போய் வந்தது.

இறங்கியவர் மகளிடம், "கை நீட்டினா தொட்டுடலாம் போல இருந்துச்சும்மா" என்றார்.

முதல் பரிசு! "என் பொண்ணு! என் பொண்ணு!" என்று தையல்காரம்மா போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கிக்காரர் அடுத்த பெயரை இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார். தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு ஒரு பெரிய வண்டி வருது. ஸ்பீக்கரை எங்க வைக்கலாம்?"

"ஓட்டுறவரை முதல்ல உக்காரச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் மகள்.

"சரிம்மா" என்றார் முதலாளி. அதுவரைக்கும் அவளை 'ஏய்' என்றே கூப்பிட்டு வந்த வாய் அது.