இரண்டாவது கோரிக்கை

2026 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை, விருத்தாசலம். மருத்துவமனை ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் கிளைக் கூட்டம் பிற்பகலில் நடந்தது. பேச வேண்டியது ஒன்றுதான்: சட்டமன்றத் தேர்தலில் யாருக்கு வாக்களிக்கச் சொல்வது.

அன்று விடியுமுன்பே ஒப்பந்தத் தொழிலாளி மகேஸ்வரி மருத்துவமனையில் சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்தாள். ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்க முடியாது. தோளில் சாய்த்து, அடிவிளிம்பில் நிறுத்தி, இரண்டு கையாலும் திருகித் திருகித்தான் நகர்த்த வேண்டும். இரும்பின் குளிர் ரவிக்கையைத் தாண்டி எலும்பில் ஏறியது. ஆண்கள் வார்டுக்குள் வந்தபோது முதுகு நனைந்திருந்தது.

சன்னலோரக் கட்டிலில் அவள் கணவன் வீரமுத்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும். குருமூர்த்தியின் பீங்கான் கம்பெனியில், கல்லை மாவாக அரைக்கும் மில்லில் பாதி ஆயுள் நின்றவன். அந்த மாவு நெஞ்சுக்குள் இறுகிவிட்டது. முதலில் காட்டிய தனியார் கிளினிக்கில் தவறாகக் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினான். கம்பெனியும் அதையே பிடித்துக்கொண்டது. காசநோய் எங்கேயும் வரும், மில்லைக் குறை சொல்லாதே.

அந்தக் குருமூர்த்திதான் இப்போது வேட்பாளர்.

சங்கம் எல்லா வேட்பாளர்களிடமும் இரண்டு கோரிக்கைகளை வைத்திருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது முதலாவது. பீங்கான் மில்களில் வேலை செய்பவர்களுக்கு வருஷந்தோறும் மார்பு எக்ஸ்ரே, தூசியால் வரும் நோய்க்கு முதலாளியிடம் நஷ்டஈடு என்பது இரண்டாவது. இரண்டாவதைச் சேர்க்க வைத்தவள் கிளைச் செயலாளர் மகேஸ்வரி. ஒரு வேட்பாளர் சந்திக்க நேரம் தரவில்லை. இன்னொருவர் மனுவை வாங்கி நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். குருமூர்த்தி மட்டும் வெள்ளிக்கிழமை தன் தேர்தல் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மகேஸ்வரியுடன் பூங்கோதையும் போயிருந்தாள். பிரசவ வார்டிலும் ஆண்கள் வார்டிலும் மாறி மாறித் துப்புரவு வேலை செய்பவள்.

"வாம்மா மகேஸ்வரி. வீரமுத்து எப்படி இருக்கான்? பீடிய விடச் சொல்லி நான் எத்தன தரம் சொல்லியிருப்பேன்."

"அவரு பீடியத் தொட்டதே இல்லீங்க மொதலாளி. ஒங்க மில்லு பவுடரத்தான் குடிச்சாரு."

பூங்கோதை டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். குருமூர்த்திக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"மொத கோரிக்கைய எழுதியே தரேன், கையெழுத்துப் போட்டு. ரெண்டாவத எடுத்துடுங்க. இந்த ஊர்ல எத்தன கம்பெனி இருக்குது, எல்லாத்தையும் பூட்டிட்டு நாங்க ஜங்ஷன்ல சுண்டல் விக்கறதா? ஒங்களுது ஆஸ்பத்திரி சங்கம். என் மில்லுல ஒங்களுக்கு என்ன வேல?"

"ஒங்க மில்லுலேர்ந்து வரவங்களத்தான் நாங்க அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கோம்."

வெளியே வந்ததும் பூங்கோதை பிடித்துக்கொண்டாள். "ஒன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடுக்கா. ரெண்டாவது பிரசவத்துக்கு லீவு எடுத்தேன்னு என்ன வூட்டுக்கு அனுப்பினான் காண்ட்ராக்டரு. காலுல வுழுந்துதான் திரும்ப உள்ள வந்தேன். நெரந்தரம்னு எழுதித் தரேன்னு இதுவரைக்கும் எவன் சொன்னான்? ஒன் புருஷனுக்காக எங்க வயித்துல அடிக்காத." சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நல்லூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிறு விடியலில் மகேஸ்வரி சிலிண்டரை மாற்றிக் குழாயைப் பொருத்தியபோது வீரமுத்து கண் விழித்து முகமூடியை விலக்கினான்.

"இன்னிக்குத்தான கூட்டம்?"

"பேசாதய்யா. எளப்பு வந்துடும்."

"குருமூர்த்திக்கே போடச் சொல்லிடு."

அவள் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போனப்புறம் ஒனக்கு என்ன இருக்குது? என் நெஞ்சுல கெடக்கறத இனிமே யாரும் எடுக்க முடியாது. அதக் குடுத்துட்டு ஒனக்கு ஒரு நெரந்தர வேல வாங்கினேன்னு வச்சிக்க."

"கட்டிலோரம் நின்னு குடும்பம் நடத்தாதீங்கம்மா," என்று வாசலிலிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தான். "பிரசவ வார்டுல தண்ணி தேங்கி நிக்குது." அவள் முகமூடியைச் சரியாக மாட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் சலவைக்கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகையில் நடந்தது. மாவட்டச் செயலாளர் தமிழ்ச்செல்வன் கடலூரிலிருந்து ரயிலில் வந்திருந்தார். மகேஸ்வரி எழுந்து சுருக்கமாகச் சொன்னாள்.

"குருமூர்த்திக்குப் போடச் சொல்லலாம். ரெண்டாவது கோரிக்கைய எடுத்துடலாம். எங்க வூட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பூங்கோதை எழுந்தாள்.

"வெள்ளிக்கெழம அக்காவத் திட்டினது நான்தான். இன்னிக்குக் காலையில எனக்கு ஆம்பள வார்டு. துப்பற கிண்ணமெல்லாம் கழுவிக்கிட்டு வரேன், வீரமுத்து அண்ணனுக்கு எதிர்க் கட்டில்ல புதுசா ஒருத்தரு. கல்யாணம் ஆயி ஒரு வருஷம்கூட ஆவலயாம். எங்கய்யா வேலன்னு கேட்டேன். அதே மில்லு. அண்ணன் வேலைய வுட்டதும் அவரு நின்ன எடத்துல இவரக் கொண்டாந்து நிறுத்தினாங்களாம்."

மகேஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"எனக்கு நெரந்தரம் வேணும். வேணாங்கறதுக்கு நான் சாமியாரு இல்ல. ஆனா, நெரந்தரமாயி ரிட்டையர் ஆவற வரைக்கும் நான் கழுவப் போறது அந்தக் கிண்ணத்தத்தான? இத வுட்டுக்குடுத்து அத வாங்கினா, அந்தாளு மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

"அப்ப நெரந்தரம் போச்சு," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"எப்ப வந்துச்சு, போறதுக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

தமிழ்ச்செல்வன் தொண்டையைச் செருமினார். "மத்த தொகுதிக்கெல்லாம் பேர் குடுத்தாச்சு. இங்க மட்டும் காலியா வுட்டா மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் தோழர். நாங்க சொல்லிக்கறோம்," என்றாள் பூங்கோதை.

தமிழ்ச்செல்வன் மகேஸ்வரியின் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார். முன்மொழிந்தவளின் கை மட்டும் பாதி உயர்ந்து இறங்கியது. எதிராக மற்ற எல்லாரும் தூக்கினார்கள். இரண்டு கோரிக்கையும் சேர்ந்தே போகும், இல்லையென்றால் யாருக்கும் பரிந்துரை கிடையாது என்று முடிவாயிற்று. மில் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசும் பொறுப்பைப் பூங்கோதை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மகேஸ்வரி கட்டிலருகே வந்தாள்.

"ஒத்துக்கல."

"யாரு?"

"எல்லாருந்தான். மொதல்ல பூங்கோதை."

"அதுக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதே," என்றான் வீரமுத்து. கண்ணிலிருந்து வழிந்தது முகமூடியின் வாரில் இறங்கி நின்றது. அவள் யூனிஃபார்ம் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். அவன் அவள் கையை விடவில்லை. டூட்டி மணி அடித்தும் அவள் நகரவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

புதன்கிழமை வீரமுத்து இறந்தான். ஒப்பந்தக்காரர் மற்ற பெண்களுக்கு லீவு தரவில்லை. ஷிப்டை மாற்றிக்கொண்டு பாதிப் பேர் அடக்கத்துக்கு மணிமுத்தாற்றங்கரைக்கு வந்தார்கள். மில் தொழிலாளர்களைப் போகக் கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் புருவத்தில் படிந்த வெள்ளைத் தூசியைக்கூடக் கழுவாமல் நேராக வந்து, குழி மூடும் வரை நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் மில் தொழிலாளர்களும், இரவு வேலை முடித்த மருத்துவமனைப் பெண்களும் எக்ஸ்ரே கேட்டு உட்கார்ந்தார்கள். மகேஸ்வரி பூங்கோதைக்குப் பக்கத்தில் இருந்தாள். போலீஸ் வந்து தேர்தல் விதியைச் சொல்லிக் கலையச் சொன்னது. யாரும் எழவில்லை. மதியம் வரை கம்பெனி தரப்பிலிருந்து ஒருவரும் பேச வரவில்லை.

சங்கம் அன்று வெளியிட்ட தேர்தல் பரிந்துரையில் இந்தத் தொகுதிக்கு நேரே பெயர் எதுவும் இல்லை.