சத்தத்தோடு அனுப்பவும்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எங்கே கொண்டுபோய் இடிக்கப் பார்த்தாலும் இவர் ஒரு மிதி மிதித்தால் வண்டி நின்றுவிடும். இத்தனை வருடம் அதை மிதித்து மிதித்து, உலகத்தில் எல்லாமே தன் காலடியில்தான் இருக்கிறது என்ற நினைப்பு மனுஷனுக்கு வந்துவிட்டது. டென்னிஸ் கோர்ட்டில் அந்த வசதி இல்லை. அதனால் அங்கே வாயால் பிரேக் போடுவார்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அந்த ஒரு வருடம் முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு. கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது.

நன்றாகப் பந்து அடித்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பள்ளிக்கூட மார்க் வேண்டும், அதுவும் அவர்கள் கேட்கிற பாடங்களில் வேண்டும். ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். டென்னிஸ் ஆடிச் சம்பாதித்ததில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். கணக்குப் பரீட்சையில் அவள் தடுக்கி விழுந்து, மறுபடி எழுதி எழுந்தது தனிக் கதை. எல்லாவற்றையும் தாண்டி வந்த பிறகு அந்த யுனிவர்சிட்டி கோச்சிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஸ்காலர்ஷிப்புக்காக நாங்கள் பிடித்திருந்த ஏஜென்ட், பாட்டெல்லாம் சேர்த்து அனுப்பியிருந்த மூன்று நிமிட வீடியோவைப் பார்த்தாராம். அந்த மாதிரி வீடியோவில் எல்லாருமே நன்றாகத்தான் ஆடுவார்கள், ஒரு செட் முழுவதையும் எங்கேயும் வெட்டாமல் சத்தத்தோடு அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.

"சத்தம் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பந்து ராக்கெட்ல படற சத்தத்தை வச்சே அடி எப்படின்னு சொல்லிடுவாங்க. அவங்கள்லாம் யாரு!" என்றார், என்னவோ அவர்களோடு கூடப் படித்த மாதிரி.

மகளுடைய ஆட்டங்களை எல்லாம் அவர்தான் ஃபோனில் பிடிப்பார். கம்பிவலைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஃபோனை நிறுத்தி, அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முதல் வீடியோ ஆரம்பித்ததும் "ஏய் மாடு, காலை நகத்து!" என்று வந்தது. இரண்டாவதில் "தூங்கறியாடி மாடு?" என்று வந்தது. மூன்றாவதில் எதிரே ஆடுகிற பெண்ணின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

"பந்து சத்தத்தையே காணோம். உங்க சத்தம்தான் கேக்குது," என்றேன்.

"கேக்கட்டுமே. அங்க யாருக்குத் தமிழ் தெரியும்? அப்பா கைதட்டி உற்சாகப்படுத்தறாருன்னு நினைச்சுக்குவாங்க."

மகள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பி வீடியோவை நிறுத்தினாள். "நான் இதைவிட நல்லா ஆடின மேட்ச் இருக்குப்பா," என்றாள்.

"எது? சொல்லு, அதையே அனுப்பிடலாம்."

"நீங்க வராத மேட்ச். அதுக்கு வீடியோ இல்ல."

அவர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கல்யாண வீட்டில், பேங்கில், பஸ்ஸில் என்று எத்தனையோ இடத்தில் எனக்குத் தலைகுனிவு. அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். நானாவது வாயை அடக்கத் தெரிந்தவள் என்று ஒரு பெருமையும் உள்ளுக்குள் இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கடைசியில் ஒரு அரையிறுதி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அவள் ஜெயித்த ஆட்டம். சின்னவர்களுக்கான போட்டிகளில் எல்லாக் கோர்ட்டுக்கும் நடுவர் கிடையாது. பந்து தன் பக்கம் விழுந்தால் உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவளே சொல்ல வேண்டும். வெளியே என்றால் விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். மனசாட்சிதான் நடுவர். அந்த ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் எதிர்ப்பெண் அடித்த பந்து எங்கள் மகளின் பின்கோட்டில் விழுந்தது. "அவுட்டுன்னு சொல்லுடி!" என்று இவர் கத்தினார். அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு விரலைத் தூக்கினாள். கோட்டின் மேல் விழுந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த பாயிண்ட்டில் அவள் சர்வீஸ் இரண்டையும் நேராக வலையில் அடித்தாள். அதற்கு டபுள் ஃபால்ட் என்று பெயர், பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும். செட்டை எப்படியோ அவள் ஜெயித்துவிட்டாலும் இவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீடு வரும்வரை காரில் அந்த டபுள் ஃபால்ட்டையே பிடித்துக்கொண்டு திட்டினார். மறுநாள் வெயிலில் கூடை கூடையாகப் பந்தை வைத்து சர்வீஸ் போட வைத்தார். பந்து பொறுக்கிப் போட்டவள் நான். "கவனமே இல்லடி உனக்கு," என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

அந்த வீடியோவைத்தான் அனுப்பினார். நான் முழுசாக உட்கார்ந்து பார்க்கவில்லை, மருந்துக்கடை வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து கோச் பேச வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் நெட் விட்டு விட்டு வரும் என்பதால் காலையில் டிரைவிங் ஸ்கூல் ஆபீசிலேயே உட்கார்ந்தோம். முந்தின நாளே மேஜையைத் துடைத்து, தவணை பாக்கி வைத்தவர்கள் பெயர் எழுதிய அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தேன். சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த பெரிய படம் ஒன்று உண்டு. அதை எடுக்க முடியவில்லை, பின்னால் சுவர் உரிந்திருந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்த்தால், ஹாரன் அடிக்காதே என்கிற சிவப்பு வட்டம் சரியாக அவர் தலைக்கு மேல் வந்து நின்றது. சொல்லலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன்.

"நீ ஓரமா இரு. கூட்டம் சேத்தா நல்லா இருக்காது," என்றார். கடைக்குப் போகிற வெள்ளைக் கோட்டோடு நான் அலமாரிக்குப் பக்கத்தில், எல் போர்டுகளை அடுக்கி வைத்திருக்கும் மூலையில், கேமராவில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்குத் திரை தெரிந்தது. திரைக்கு என்னைத் தெரியாது.

கோச் நரைத்த தலையோடு, ரொம்ப மரியாதையாகப் பேசினார். பக்கத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். என் உதவியாளர், வீடியோ எல்லாம் இவள்தான் பார்ப்பாள் என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பெண் கைகூப்பினாள்.

"வணக்கம் அங்கிள். நல்லா இருக்கீங்களா?" என்றாள், நம் வீட்டுப் பெண் மாதிரி.

இவர் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் உண்மையாகவே தரையை அழுத்தியது.

"நீங்க... தமிழாம்மா?"

"ஆமா அங்கிள். செட் முழுக்கக் கேட்டேன். கோச்சுக்கும் சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "மாடுங்கற வார்த்தை நிறைய தடவை வருதே, என்னன்னு கேட்டாரு. செல்லப் பேருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கோச் ஒன்றும் புரியாமல் புன்னகையோடு தலையாட்டினார். எனக்கு அந்த அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் "ஸாரிம்மா" என்றார். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கோச் மகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மார்க் போதும், ஆங்கிலம் போதும், ஆட்டமும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு பந்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றார். எந்தப் பந்து என்று யாரும் கேட்கவில்லை.

"உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே," என்றாள் மகள். "கோட்டு மேல."

"அப்பா சொன்னதால் விரலைத் தூக்கினாயா?"

"தூக்கினது என் விரல்தான் சார்."

இவர் தலை குனிந்து மேஜையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்து அந்த ரெண்டு சர்வீசும் வலையில போச்சே, அது வேணும்னே அடிச்சதான்னு கேக்கறாரு," என்றாள் அந்தப் பெண். "நீ வலையைத்தான் குறி பாத்து அடிச்ச மாதிரி எனக்கும் தெரிஞ்சுது."

"ஆமாக்கா. அது அவ பாயிண்ட். திருப்பிக் குடுத்துட்டேன்."

காரில் வழி முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாளே, அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் கூடைப் பந்தையும் அடித்துத் தீர்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் எங்களுக்குப் புரியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கடல் தாண்டி இருக்கிற ஒருத்தர் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்டுபிடித்ததை, பெற்றவர்கள் நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தும் கவனமில்லை என்று திட்டியிருக்கிறோம். பந்து பொறுக்கிப் போட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கோச் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முழு ஸ்காலர்ஷிப். அந்த இரண்டு சர்வீசுக்காகத்தான் கூப்பிட்டேன் என்றும் சொன்னார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண், ஏதோ மறந்துபோனதைக் கேட்பதுபோலக் கேட்டாள். "இன்னொண்ணு. நீ விரலைத் தூக்கினதும் ஒரு லேடி வாய்ஸ் வருது. 'யாரும் பாக்கல, விடுங்க'ன்னு. அது யாரு, அம்மாவா?"

நான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோர்ட்டில், எதிர்ப்பெண்ணின் அம்மா அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இவர் தோளைத் தட்டி நான்தான் சொன்னேன். இவர் கத்தியது கோபத்தில். நான் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னேன். அதை அடியோடு மறந்தும் போயிருந்தேன்.

"இல்லக்கா," என்றாள் மகள், கண் இமைக்காமல். "அம்மா அன்னிக்கு வரல. பக்கத்துல யாரோ உக்காந்திருந்தாங்க."

இவர் பேனா மூடியை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெண் கோச்சுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவரும் சரி என்றார். எழுந்துபோய் அந்தக் குரல் என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மகள் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள், அதுவும் நேர்மைக்காக அவளை எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்ன மறு நிமிஷத்தில். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

விடைபெறும்போது கோச் அம்மா இல்லையா, அவரையும் பார்க்கலாமே என்றார். இவர், என்ன நடக்கிறது என்று யோசிக்காமல், சந்தோஷத்தில் "இங்கதான் இருக்கா, வா வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போய் இரண்டு பேருக்கும் பின்னால் நின்று கும்பிட்டேன். கும்பிட்டதோடு போயிருக்கலாம்.

"ஏதாவது பேசுங்க ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண்.

எத்தனை நேரம்தான் ஊமையாக நிற்பது? "வணக்கம்மா," என்றேன். "பொண்ணைப் பாத்துக்கோங்க."

திரையில் அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கோச்சுக்குச் சொல்வதற்காக அந்தச் செட்டை எத்தனை தடவை ஓட்டி ஓட்டிக் கேட்டாளோ. என்னைப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கோச் கேட்டார். பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்துக்கறோம் ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. மாட்டைச் செல்லப் பேர் ஆக்கியவள் அல்லவா, என்னையும் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

திரை அணைந்ததும் இவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மகள் கம்ப்யூட்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"எப்படி?"

"நான் வரலைன்னு."

வயருக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீ எனக்காகத்தானே சொன்ன? நானும் அப்படித்தாம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. குத்திக்காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, முடித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், பாசமாகவே சொன்னாள். யாரோ பெற்ற பெண்ணுக்குப் பாயிண்ட்டைத் திருப்பிக் கொடுத்தவள், எனக்காக இன்னொரு தடவை விரலைத் தூக்கிவிட்டாள். அப்படித் தூக்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை, நான்தான்.

வாசலில் அவர் ஏஜென்ட்டிடம் கத்துவது தெருவுக்கே கேட்டது. "ஆமா சார், முழுசா பாத்துட்டாங்க! ஒண்ணு விடாம பாத்துட்டாங்க!" முதல் வகுப்புக்கு ஆள் வந்து வெளியே நின்றது. நான் அலமாரியிலிருந்து எல் போர்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போனேன்.