அளவுக்கு மேல் ஏற்றிய பாரம்

ஐப்பசியின் பிற்பாதி. செஞ்சியின் மேல் மேகம் இறங்கி மூன்று நாளாயிற்று. பெய்து தீர்க்கவும் மனமில்லை, விலகிப் போகவும் மனமில்லை என்பதுபோல் அது குன்றுகளின் தோளில் சாய்ந்து கிடந்தது. கோட்டைச் சுவரின் கற்கள் நனைந்து மேலும் கறுத்தன. வயல்களில் நீர் நின்றது; நீரில் வானம் நின்றது; இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம். சமணத் துறவியர் ஊர் ஊராய் நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் அடங்கியிருக்கும் காலம் இது. மழையில் மண்ணெல்லாம் உயிராகிவிடுகிறது. எங்கே அடி வைத்தாலும் ஏதோ ஒரு சிற்றுயிரின் மேல் வைத்ததாகும். நடை ஒடுங்கி, குரல் ஒடுங்கி, மனமும் ஒடுங்கும் பருவம். நெல் வியாபாரி விருஷபதாஸ் நயினாருக்கோ, சென்ற கார்த்திகையிலிருந்து ஆண்டு முழுவதுமே கார்காலமாக இருந்தது.

சென்ற கார்த்திகையில்தான் அவர் மகன் ஜீவகன் பெங்களூரில் காய்ச்சலில் கிடந்து ஒன்பதாம் நாள் இறந்தான். முப்பது வயது. கணினியில் உருவங்களை வார்த்து நடமாடவிடும் தொழில் அவனுக்கு. அவனுடைய பொருள்களாக வீடு வந்து சேர்ந்தவை இரண்டு பை துணியும் ஒரு கறுப்புக் கணினிப் பெட்டியும்.

அந்தப் பெட்டிக்குள் அவன் ஒரு சமவசரணத்தைக் கட்டி வைத்திருந்தான். அருகப் பெருமான் அறம் உரைக்கத் தேவர்கள் அமைக்கும் வட்டப் பேரவை அது. மூன்று மதில்கள், பன்னிரண்டு சபைகள். மனிதரும் தேவரும் விலங்கும் பறவையும் பகை மறந்து அமர்ந்திருப்பர். நடுவே உயர்ந்த ஆசனத்தில் பெருமான். ஐந்து நிமிடம் ஓடும் படம். வடித்து முடித்த உருவங்களுக்கு ஒளியும் நிழலும் சேர்த்து ஒவ்வொரு காட்சியையும் கணினி தானே தீட்டித் தரவேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். பாதி தீட்டப்பட்டிருந்தது. மறுபாதி மிச்சம்.

முதலாண்டு நினைவு நாளில் மேல்சித்தாமூர்க் கோயில் மண்டபத்தில் உறவினர் முன் அதைக் காட்டவேண்டும் என்று ஜீவகனின் அக்காள் திரிசலா மனத்தில் முடிந்துகொண்டாள். தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். தனியார் பள்ளியொன்றில் கணினி கற்பித்தாள். தம்பியின் குறிப்புகளைப் படித்துப் படித்தே அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். ஆனால் பெட்டியில் அந்தத் தீட்டல் வேலையைச் செய்யும் பழைய கிராபிக்ஸ் கார்டு பத்துக் காட்சி தீட்டுவதற்குள் மூச்சடைத்து நின்றது.

பேருந்து நிலையத்தருகே கணினிக் கடை வைத்திருந்த ரஞ்சித் மேசைமேல் இரண்டு அட்டைப் பெட்டிகளை வைத்தான்.

"டீச்சர், இது எட்டு ஜி.பி. இப்ப இருக்கற பவர் சப்ளையே தாங்கும். மாட்டிட்டுப் போய்க்கினே இருக்கலாம். அது பன்னெண்டு ஜி.பி. சரியான தீனிப்பண்டாரம். உங்க நானூத்தம்பது வாட் டப்பா அதுக்குப் பத்தாது. எழுநூத்தம்பதா மாத்தணும்."

"எட்டு ஜி.பி.ல இந்த சீனே ஏறாது ரஞ்சித்து. பன்னெண்டு சபை, ஆயிரக்கணக்குல உருவம். மெமரி பத்தாம நின்னுடும்."

"அப்ப யோசனையே இல்ல, பெருசுதான். மூணு வருஷம் வாரண்டி. ஒரே கண்டிஷன், ஓவர்கிளாக் பண்ணக்கூடாது."

"இன்னாது அது?" என்று கேட்டார் மகளோடு வந்திருந்த விருஷபதாஸ்.

"கம்பெனிக்காரன் கார்டுக்கு ஒரு வேகம் வச்சிருக்கான் நயினாரே. செட்டிங்கைத் தட்டிவிட்டா அதுக்கு மேலயும் ஓடும். கரண்ட் கூட இழுக்கும், சூடு கூட ஏறும். நூத்துக்குப் பத்து வேகம் கூடுனா அதுவே அதிகம். கார்டு போயிடுச்சுன்னா அவன் கையை விரிச்சிடுவான்."

விருஷபதாஸ் இரண்டு அட்டைப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கொல்லாமை விரதம் பூண்ட இல்லறத்தானுக்கு ஐந்து குற்றங்கள் விலக்கப்பட்டிருக்கின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். சிறு வயதில் மனப்பாடம் செய்தவை.

"சின்ன டப்பா மாட்டினா தீனி குறைச்ச பாவம். வேகத்தைக் கூட்டினா பாரம் ஏத்தின பாவம். ரெண்டும் வேணாம்மா."

"இது மாடு இல்ல நயினாரே," என்று ரஞ்சித் சிரித்தான்.

"மாடா இருந்தா கத்தவாவது கத்தும்."

பெரிய கார்டும் பெரிய பவர் சப்ளையும் வீட்டுக்கு வந்தன. தீட்டல் தொடங்கியது. முதல் நாள் முடிவில் திரிசலா கணக்கிட்டுப் பார்த்தாள். மிச்சக் காட்சிகள் முடியப் பத்தொன்பது நாள் ஆகும். நினைவு நாளுக்கு இருந்ததோ பதினெட்டு. அவள் தந்தையின் முன் வந்து நின்றாள்.

"நைனா, பத்து பர்சென்ட்தான். சூட்டை நான் பார்த்துக்கறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகன் பெயர் என்று வந்தபோது, மனப்பாடம் செய்திருந்த குற்றங்களில் ஒன்று அவர் நினைவிலிருந்து தானாகவே நழுவிக்கொண்டது.

பத்து நாள் பெட்டி உழைத்தது. பதினோராம் நாள் பள்ளி விழாவுக்காகத் திரிசலா வெளியே போயிருந்தாள். பகலெல்லாம் மழை, பொழுது சாயும் வேளையில் விட்டது. விருஷபதாஸ் வெளிச்சம் இருக்கும்போதே உண்டு முடித்து, மகனின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஈசல்கள். சன்னலிடுக்கில் புகுந்து, பெட்டியின் முகப்பில் சுழன்ற மூன்று விசிறிகளின் நீல ஒளியை நாடி மொய்த்தன. காற்று அவற்றை உள்ளே இழுத்தது. இறகுகள் தரையில் உதிர்ந்து கிடந்தன. தட்டித் தட்டி மெல்லிய ஓசையொன்று கேட்டது. விசிறிகளில் ஈசல்கள் அடிபடும் ஓசை அது.

மகளைத் தவிர வேறு யாரும் தொடாத பெட்டி. அணைக்கத் தெரியாது, அணைத்தால் வேலை கெடுமோ என்ற அச்சம் வேறு. அடுக்களைக்கு விரைந்தார். தண்ணீர் வடிகட்டும் வெள்ளைத் துணி, இரண்டாக மடித்தது, கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நீரில் உள்ள உயிர் சாகாமல் காக்கும் துணி காற்றில் உள்ள உயிரையும் காக்கும். அதை முகப்பின் மேல் இழுத்துக் கட்டினார். ஈசல்கள் துணியில் மோதி உயிரோடு விழுந்தன. மனம் ஆறி, மாலை வழிபாட்டுக்குப் போனார்.

திரும்பியபோது நீல ஒளி இல்லை. கருகிய நாற்றம் இருந்தது. துணியை அவிழ்த்து, அதில் ஒட்டியிருந்த உயிர்களை முருங்கை மரத்தடியில் மெல்ல உதறினார். கார்டுக்கும் துணிக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கடையில், தந்தையும் மகளும் கொண்டுவந்த கார்டை ரஞ்சித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பத்து பர்சென்ட்டுக்கு இவ்ளோ வேகாதே டீச்சர். காத்து போற வழி அடைஞ்சிருந்துச்சா? சுவரோட ஒட்டி வச்சீங்களா?"

"இல்ல. தள்ளித்தான் இருந்துச்சு." என்றாள் திரிசலா. "சூட்டு வரம்பையும் கொஞ்சம் ஏத்தி வச்சேன். நாந்தான் எரிச்சிட்டேன்."

காற்று போகும் வழி என்றதும் விருஷபதாஸுக்குத் தாம் கட்டிய வெள்ளைத் துணி நினைவுக்கு வந்தது.

"விடுங்க. வாரண்டி ஃபாரம் தர்றேன். ஓவர்கிளாக் பண்ணீங்களான்னு கேட்டிருக்கும், இல்லன்னு டிக் அடிங்க. சென்னையில ஸ்டாக் இருக்குது, நாளைக்கே பஸ்ல போட்டுவிடுவான். செத்த கார்டு சாட்சி சொல்ல வராது."

"நாளன்னிக்கு வந்துட்டாகூட போதும் நைனா," என்றாள் திரிசலா. "நடுவுல ரெண்டு சீனை விட்டுட்டாலும் கடைசி சீனை முடிச்சிடலாம். பெருமான் ஆசனத்துல தெரியற சீன்." பேனா அவள் கையில் இருந்தது. வாழ்நாளில் முதன்முறையாகப் பொய்யெழுத அவள் தந்தையின் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டாள்.

தலையசைத்தால் போதும். மகனின் படம் முழுமையாகும். ஆனால் எரித்தது தான்தான் என்ற எண்ணத்தோடு மகள் எஞ்சிய வாழ்வை நடக்கவேண்டும். பொய்யும் அவள் கையெழுத்தில் நிற்கும். எல்லாப் பாரமும் அவள்மேல்.

"துணி கட்டினது நாந்தாம்மா," என்றார். "ஈசல் வந்து விசிறியில அடிபட்டுச்சு. தண்ணி வடிகட்டற துணியை ரெண்டா மடிச்சு மொகத்துல கட்டிட்டேன்."

திரிசலா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"நாலு ஈசலு," என்றாள் மெல்ல. "நாலு ஈசலு பெருசாப் போச்சா நைனா? உம் புள்ள..."

"பெருசுன்னு நெனச்சுக் கட்டலம்மா. அவன் பொட்டியில இன்னொரு சாவு வேணாம்னு கட்டினேன்."

கடைக்கு வெளியே திருவண்ணாமலைப் பேருந்து ஒன்று நெடுநேரம் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. திரிசலா அந்தத் தாளை நான்காக மடித்து ரஞ்சித்திடம் திருப்பிக் கொடுத்தாள். "ஓவர்கிளாக் பண்ணோம் ரஞ்சித்து. உண்மையை எழுதினா மாத்தித் தரமாட்டான். வேணாம்." இன்னொரு கார்டு வாங்க அறுவடைவரை காத்திருக்கவேண்டும். நினைவு நாள் காத்திருக்காது.

நான்கு நாள் திரிசலா தந்தைக்கு வேளை தவறாமல் உணவிட்டாள், முகம் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், "படத்தை இருக்கற மட்டும் சேர்த்துட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

நினைவு நாளில் மண்டபத்துத் தூண்களுக்கிடையே வெள்ளைத் திரை கட்டப்பட்டது. மதில்கள் எழுந்தன. கொடிகள் அசைந்தன. மானும் புலியும் ஒரே படியில் ஏறிச் சென்றன. சிலர் கைகுவித்தனர். பார்வை படிப்படியாக உயர்ந்து, பன்னிரண்டு சபைகளையும் கடந்து, நடுவே இருந்த ஆசனத்தின் அடியை எட்டியது. அங்கே படம் முடிந்தது.

"அவ்ளோதானா? பெருமான் எங்கடி?" என்றாள் விருஷபதாஸின் தங்கை தனலட்சுமி.

"அவ்ளோதான் அத்தை," என்றாள் திரிசலா. "அதுக்கு மேல எங்களால முடியல."

எங்களால் என்று அவள் சொன்னதைக் கேட்டு விருஷபதாஸ் கண்களை மூடிக்கொண்டார்.

உறவினர் உணவுக்கு எழுந்து சென்றபின் அவர் கருவறைக்கு முன் வந்து அமர்ந்தார். கைப்பிடி அரிசியைப் பலகைமேல் பரப்பி, நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம் என மூன்று சிறு குவியல்கள் வைத்தார். அவற்றின் மேல் வீடுபேற்றுலகைக் குறிக்கும் ஒரு பிறையும், பிறையின் மேல் வீடுபெற்ற உயிரைக் குறிக்கும் ஒரு புள்ளியும் விரலால் வரைந்தார். பிறை ஒரு பக்கம் கோணிற்று. திரிசலா அருகில் வந்து அமர்ந்து, கோணிய இடத்தில் சில அரிசிகளை நேராக்கினாள். இருவரும் அருகர் முதலான ஐவரையும் வணங்கும் மந்திரத்தை உதடு மட்டும் அசைய ஓதி முடித்தனர். தெரிந்தும் தெரியாமலும் தம்மால் வருந்திய எல்லா உயிரிடமும் விருஷபதாஸ் பொறுத்தருள வேண்டினார்.

திரிசலா குனிந்து அவர் பாதம் தொட்டாள். அவர் கை அவள் தலைமேல் நெடுநேரம் இருந்தது.

"நோவில்லாம இரும்மா. பயமில்லாம இரு. உன் கை பட்டதெல்லாம் வாழட்டும்."