வெரோனிக்காவின் தலைமாட்டுச் செடி

கல்லறைத் திருநாள் நெருங்கும் நேரத்தில் என் செடிகளைப் புல் என்று வெட்டிவிட்டார்கள்.

வெட்டியவன் புல்வெட்டும் மலாய்க்காரன் அஸ்ஹர். அவனைக் கூப்பிட்டது என் மகன் பேட்ரிக். ஜுரு டவுனில் கார் விற்கிறவன். அம்மாவின் கல்லறைக்கு வர நேரமில்லாதவன், இந்த வருஷம் என்னைக் கேட்காமல் முந்திக்கொண்டு சுத்தம் செய்யச் சொல்லிவிட்டான்.

மகள் நட்டாலி மெல்பர்னில் இருக்கிறாள். அவள் தோட்டத்தில் கோன்ஃபிளவர் என்று ஒரு பூ. இதழ்கள் பாவாடை மாதிரி கீழே தொங்கும். நடுவில் பழுப்பாக, முள்ளுமுள்ளாக ஒரு மேடு. என் மனைவி வெரோனிக்கா அங்கே போனபோதெல்லாம் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். "ஒருவாட்டி நட்டா வருஷா வருஷம் தானா வருதுங்க" என்பாள். அவள் போன பிறகு அதையே அவள் தலைமாட்டில் வைக்க நினைத்தேன். நானும் போய்விட்டால் இந்தப் பிள்ளைகள் பூ கொண்டுவருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

விதை வாங்கினேன். ஈரத்துணியில் சுற்றி ஐஸ்பெட்டியில் ஒரு மாதம் வைக்கச் சொன்னாள் நட்டாலி. விதையை ஐஸில் வைத்தால் சாகாதா? நம்பாமல் பாதியை நேராக மண்ணில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அவள் சொன்னபடி வைத்த பாதிதான் முளைத்தது. அவள் சொன்னது சரியாய்ப் போனதும் எரிச்சல்தான். இங்கே பெய்கிற மழைக்கு வேர் அழுகும் என்று மணல் கலந்து, மேடு கட்டி, கல்லறையில் நட்டேன். முதல் வருஷம் வெறும் இலைதான், பூ அடுத்த வருஷம் என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேட்ரிக் சிரிப்பான்.

இன்று போய்ப் பார்த்தால் மொட்டையாக இருக்கிறது. மேலே பேட்ரிக் வைத்த பிளாஸ்டிக் ரோஜா. அவனும் அங்கேதான் நின்றான்.

"பூவே இல்லையே பாக்சிக்" என்றான் அஸ்ஹர், மெஷினை அணைத்துவிட்டு. மலாயில் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். "நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சொல்லியிருக்கலாம் லா, அப்பா" என்றான் பேட்ரிக்.

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"சொல்லிப் பார்த்திருக்கணும்ல."

குனிந்து விரலால் மணலைத் தள்ளினேன். வேர் கெட்டியாக இருந்தது. தண்டு வெட்டின இடத்தில் இன்னும் ஈரம்.

"உயிரோட இருக்காப்பா?"

"இருக்கு."

"அடுத்த வருஷம் பூக்குமா?"

"எனக்கென்ன தெரியும். இது குளிர் ஊர்ச் செடி."

பேட்ரிக் பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்துக் காரில் போட்டான். நான் எடுக்கச் சொல்லவில்லை. சுவரோரம் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி வந்து சுற்றி அடுக்கினான். அடுக்கியதும் கோணல்தான். ஒரு பலகைத் துண்டில், வெட்டாதே என்று மலாயில் எழுதச் சொன்னேன். எனக்கு மலாய் எழுதப் படிக்க வராது. எழுதி நட்டான்.

என்ன எழுதினானோ. அஸ்ஹரைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னேன்.

"வெட்டாதேன்னுதான் போட்டிருக்கு, பாக்சிக்."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு பொய் சொல்லலாம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, செடியை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று நானே வந்து பார்க்கப்போகிறேன்.