இருபது எண்ணும் வரை

“கண்ணாடி எங்கடி?” என்று அம்மா செல்லி மூன்றாவது தடவை கேட்டபோது ரூபா ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் உடம்புச் சூடு மெத்தை வரைக்கும் இறங்கியிருந்தது. கண்ணாடி கிடைத்தது. ஒரு பக்கம் வெள்ளைத் தாளும் மறுபக்கம் பளபளப்பான பிளாஸ்டிக்குமாக இருந்த நீளப் பை ஒன்றில் அம்மா அதைப் போட்டு வைத்திருந்தாள். மிட்டாய்க் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போட மனசு வராதவள். ஆறு நாளைக்கு முன் இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூத்திரக் குழாய் போட வந்த நர்ஸிடம், குழாய் இருந்த அந்தப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

ரூபா கண்ணாடியை அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். பையை மடிக்கப் போனவளின் கண்ணில் ஓரத்தில் அச்சடித்திருந்த தேதி பட்டது. மார்ச் பதினெட்டு, முதல் ஷிப்ட்.

அவளுடைய கம்பெனிப் பை. அந்த ஷிப்டில் ஒட்டி, அவள் பார்த்து அனுப்பிய லாட்.

ஓசூர் சிப்காட்டில் ரூபாவின் வேலை அதுதான். குழாயை உள்ளே வைத்து நாலு பக்கமும் சூட்டில் ஒட்டிய பைகளில் சிலதை எடுத்து, ஊசியால் நீலச் சாயத்தை உள்ளே விட்டு, ஒவ்வொரு பக்கமாகக் கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாயம் ஒட்டின பட்டையோரம் பரவும். வாய்விட்டு இருபது எண்ண வேண்டும். இருபது வரைக்கும் நீலம் பட்டையைத் தாண்டாவிட்டால் பை நல்ல பை. தாண்டினால் எண்ணுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நீலம் போகிற வழியில் கிருமியும் போகும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார் சூப்பர்வைசர் பாஸ்கரன்.

மார்ச் பதினெட்டாம் தேதி கடைசிப் பையில் மூன்று பக்கம் பார்த்துவிட்டாள். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அன்றைக்கு அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். கீழ்ப்பக்கத்தைத் திருப்பாமலே நாலாவது கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு ஓடினாள். போன இடத்தில் டாக்டர் லீவு. அதுதான் வயிற்றெரிச்சல்.

“கையெல்லாம் ஏன்டி நீலமா கீது?” என்றாள் செல்லி, கண்ணாடி வழியாக மகளின் விரல்களைப் பார்த்து.

“கம்பெனி மைம்மா. எப்பவும் இருக்கறதுதான்.”

“போவாதா?”

“நகத்துல ஏறுனா போவாது.”

செல்லி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கண்ணயர்ந்தாள். பதினோரு மணிக்கு மூச்சு அடங்கியது.

டாக்டர், ரூபாவின் தம்பி கோபியைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று சொன்னார். ரூபா நர்ஸின் பின்னாலேயே வராண்டா முழுக்க நடந்தாள்.

“சிஸ்டர், அந்தக் குழாயால வந்திருக்குமா?”

“எதால வேணும்னாலும் வரும்மா. குழாயால வரும், ஆபரேஷன் புண்ணால வரும். சக்கரை வேற முந்நூறு இருந்துச்சு. இதுதான்னு எப்படிச் சொல்றது?”

“பை நல்லா ஒட்டியிருந்துச்சா? பிரிக்கறப்போ பாத்தீங்களா?”

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அழணும்னா அழுதுடும்மா,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஆம்புலன்ஸ் குலுங்கியபோது ரூபா ஒரு கையால் அம்மாவின் தலையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை ரவிக்கைக்குள் இருந்த பையை அழுத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் மேல்பக்கத்தைத்தான் பிரித்திருந்தாள். மற்ற மூன்று பக்கமும் அப்படியே இருந்தன. கீழ்ப்பக்கமும் இருந்தது. நல்ல பையாக இருந்தால் போதும், சாமி. அம்மா போனது போனதுதான், ஆனால் என்னால் இல்லை என்றாவது தெரிந்துவிட்டால் போதும். இல்லையென்றால் அந்த லாட்டில் மீதிப் பைகள் எந்தெந்த ஊரில், யார் யார் கட்டிலண்டை இருக்கின்றனவோ?

வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. ரூபா யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. நேராகக் கொல்லைப் பக்கம் போனாள். துவைக்கிற கல்லண்டை சொட்டு நீல பாட்டில் இருந்தது. டம்ளரில் தண்ணீர், அதில் நீலம், கூடவே ஷாம்பு பாக்கெட்டில் இருந்து ஒரு சொட்டு. ஷாம்பு இருந்தால்தான் சாயம் சந்துகளில் நுழையும். பைக்குள் ஊற்றி இடது பக்கத்தைச் சாய்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது. தாண்டவில்லை. வலது பக்கம். இருபது. தாண்டவில்லை.

கீழ்ப்பக்கத்தைத் திருப்பினாள்.

“ரூபா! ஏ புள்ள, எங்க போய்த் தொலைஞ்ச?” சின்னம்மா இருளாயி கொல்லைக்கே வந்துவிட்டாள். “பெத்தவளுக்குத் தண்ணி ஊத்த வேணாமா? எல்லாரும் நிக்கறாங்க பாரு.”

“இரு சின்னம்மா, ஒரு நிமிசம்...”

“பொணத்த வெளிய வெச்சிட்டு என்னடி ஒரு நிமிசம்? அறிவு கிறிவு கீதா உனக்கு?”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பை நழுவிக் கல் மேல் விழுந்தது.

செல்லியின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். ரூபா குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். முகத்தைத் துடைக்கிறபோது தாடையைப் பிடித்தாள். கையை எடுத்ததும் அங்கே மூன்று விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. இருளாயி ஈரத்துணியால் தேய்த்தாள். மேலும் பரவியது.

“என்னத்த கைல பூசிக்கினு வந்த?” என்றாள் இருளாயி. அதற்கு மேல் திட்ட அவளுக்கும் மனசு வரவில்லை.

ரூபா கொல்லைக்குத் திரும்பி ஓடினாள். பை கல் மேல் கிடந்தது. தாள் முழுக்க நீலம். இருபது எண்ணிக்கைக்கு மேல் விட்டால் இப்படித்தான் ஆகும். தாளே ஊறிவிடும், ஓட்டை வழியாக வந்ததா ஊறி வந்ததா என்று எந்த ராஜாவாலும் சொல்ல முடியாது. எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடித் தொண்டையிலிருந்து வந்த அந்தக் கத்தலைக் கேட்டு உள்ளே இருந்த பெண்கள், பாவம், இப்பதான் ரூபாவுக்கு ஒறைக்குது என்று பேசிக்கொண்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சார், ரூபா பேசறேன். மார்ச் பதினெட்டு, முதல் ஷிப்ட் லாட்ட நிறுத்துங்க.”

“என்னம்மா திடீர்னு? அது டெஸ்ட் முடிஞ்சு போன லாட்டாச்சே,” என்றார் பாஸ்கரன். ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. “ஷீட்ல நாலு பக்கமும் டிக் இருக்கே.”

“நான்தான் சார் போட்டேன். கடைசிப் பையில கீழ்ப்பக்கம் நான் பாக்கல.”

தாள் புரட்டும் சத்தம் நின்றது.

“எதுக்கும்மா இப்ப வந்து சொல்ற? உன் வேலையே போயிடும், தெரியுமில்ல?”

“போவட்டும் சார். நம்ம ரூம்ல அந்த லாட்டுப் பை அஞ்சு சாம்பிளா எடுத்து வெச்சிருப்போமே, அத இப்பவே பாருங்க. உங்க கால்ல விழறேன், இப்பவே பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அவர் போனைத் திறந்தபடியே மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். ஏதோ பீரோ திறந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரூபா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள். முன்வாசலில் பாடை கட்டி முடித்து மேளம் அடிக்கத் தொடங்கினார்கள்.

“ரூபா, என்னம்மா அங்க மேளச் சத்தம்?” என்று பாஸ்கரன் திரும்பி வந்து கேட்டார்.

“எங்கம்மாவ எடுக்கறாங்க சார். அந்த லாட்டுக் குழாய்தான் அவங்களுக்குப் போட்டது.”

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். முதல் பையின் நாலு பக்கத்தையும் எண்ணினார். நாலும் இருபது. இரண்டாவது பையின் மூன்று பக்கம் முடிந்தது. மூன்றும் இருபது. ரூபா ஒவ்வொரு எண்ணையும் உதட்டால் கூடவே எண்ணினாள்.

கோபி கொல்லைக் கதவண்டை வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. “அக்கா, தூக்கறாங்க. கடைசியா மொகத்தப் பாத்துக்க வா.”

“கீழ்ப்பக்கம் பாக்கறேன்,” என்றார் பாஸ்கரன். “ஒண்ணு. ரெண்டு. மூணு.”

ரூபா தம்பியைப் பார்த்து, இருடா என்று நீலக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“நாலு. அஞ்சு. ஆறு.”

ஏழு வரவில்லை. போனில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்வாசலில் மேளம் நகர ஆரம்பித்தது. ரூபா தூக்கிய கையை இறக்கவில்லை.