கூரே மாத்தயாவின் பெயரில் ஓடிய ஜீப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த ஜீப்பை நான் விரும்பி வாங்கவில்லை. நான் ஆசைப்பட்டது ஒரு சின்ன வெள்ளைக் காருக்கு. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் திருப்பவும் நிறுத்தவும் அதுதான் வசதி. ஆனால் என் கணவர் சிவபாதசுந்தரம் ஒற்றைக்காலில் நின்றார். மனுசன் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், முப்பது வருடம் அரசாங்க ஜீப்பில் காடு மேடெல்லாம் குலுங்கியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் வாகனப் பைத்தியம் மட்டும் அவரைக் கைவிடவில்லை.

2006 கடைசியில் வாகனம் பார்க்கப் போன இடமெல்லாம் அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து, முதுகைக் காட்டி, அப்படியே உட்கார்ந்து பார்த்தார். காரில் உட்காரப் பள்ளத்தில் இறங்க வேண்டும், வான் வண்டியில் ஏணி ஏற வேண்டும். வீங்கிய முழங்காலுக்கு இரண்டும் ஆகாது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற அந்தக் கொரியன் டீசல் வண்டியில்தான் அவர் முகத்தைச் சுழிக்காமல் உட்கார்ந்தார். முழு ஜீப்பும் இல்லை, முழுக் காரும் இல்லை. ஆனால் கொழும்பில் உயரமாக இருந்தால் எல்லாம் ஜீப்தான். பின்னால் சக்கர நாற்காலியை மடித்து வைத்தாலும் ஒரு மூட்டை அரிசிக்கு இடம் இருந்தது.

"பெற்றோல் கார் ஓடும் அருந்ததி, டீசல் இழுக்கும்" என்றார். "ஓடுறதுக்கும் இழுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"நாங்கள் என்ன, கல்லே ஏத்தப் போறம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடி கதவை மூடித் திறந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

விற்றவர் பீற்றர் கூரே, மரியாதையாக நாங்கள் கூப்பிடுவது கூரே மாத்தயா. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களக் கத்தோலிக்கர், கண்ணில் பூ விழுந்ததால் ஓட்டுவதை விட்டவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகக் கதைப்பார். பணம் முழுவதும் கொடுத்து முடிந்ததும் பெயர் மாற்றும் பத்திரத்தில் கையெழுத்து வைத்து, எங்கள் பக்கத்தை வெறுமையாக விட்டுத் தந்தார். ஓப்பின் பேப்பர் என்பார்கள். வாங்கியவர் விரும்பிய நாளில் நிரப்பிப் பதியலாம், அதுவரை வாகனப் பதிவுப் புத்தகத்தில் விற்றவர் பெயர்தான்.

நான் அதை நிரப்பவில்லை. சோம்பலில் அல்ல, கெட்டித்தனத்தில். யுத்தம் நடந்து, சந்திக்குச் சந்தி செக் பொயின்ற் இருந்த காலம். சிவபாதசுந்தரம் என்ற நீளப் பெயர் புத்தகத்தில் இருப்பதைவிடக் கூரே என்று இருந்தால் ஆமிக்காரன் சீக்கிரம் விடுவான் என்று கணக்குப் போட்டேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் இன்னும் மூன்று பேர் இதே வேலை செய்திருந்தார்கள். என் மனுசனுக்கு இது பிடிக்கவில்லை, "காணிக்கு உறுதிப் பத்திரம் மாதிரி வண்டிக்குப் புத்தகம், சரியாய் இருக்கவேணும்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றரை வருடம் என் கணக்குச் சரியாகவே வந்தது.

செவ்வாய், வெள்ளி காலை ஏழரைக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மெஷின் குறைவு, ஆட்கள் அதிகம். எட்டு மணிக்குள் போகாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு முறை வீதிகளை மூடியதில் தவறிப்போய், நெஞ்சில் நீர் கட்டி, படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். இன்னொரு முறை தவறவிட்டால் தாங்காது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

2008 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் பஸ் ஒன்றில் குண்டு வெடித்திருந்தது, இரண்டு நாளாக அடைமழை வேறு. தெகிவளைப் பாலத்தடியில் மறித்தார்கள். வழமையாகப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கை காட்டுவார்கள். அன்று நின்ற பொலிஸ் சார்ஜன்ட் புதியவர். என் அடையாள அட்டையையும் வாகனத்தின் காப்புறுதி அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யார் இந்தக் கூரே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"விற்றவர் சேர்."

"விற்றால் ஏன் இன்னும் அவருடைய பெயர்? தமிழ் ஆட்கள், சிங்கள ஆளின் ஜீப், குண்டு வெடித்த இந்தக் கிழமையில். உங்களுக்கே, நோனா, இது சரியாகப் படுகிறதா?"

சரியாகப் படவில்லை. எந்தப் பெயர் எங்களைக் காப்பாற்றும் என்று நம்பினேனோ அதுவே கழுத்தில் விழுந்தது. வாகனத்தை ஓரமாக விடச் சொன்னார். நான் கத்தினேன். பின்கதவைத் திறந்து, இவருடைய கையில் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த நரம்பைத் தூக்கிக் காட்டினேன். மணி ஏழு பத்து என்றேன். ஓட்டோவில் போகச் சொன்னார். அந்த முழங்காலோடு ஓட்டோவுக்குள் ஏற்றிக் காட்டுங்கள் என்றேன்.

சார்ஜன்ட் கல்நெஞ்சுக்காரர் அல்ல. சற்று யோசித்துவிட்டு, அட்டைகளைத் தானே வைத்துக்கொண்டு, ஒரு கொன்ஸ்டபிளை என் பக்கத்தில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், முடிந்ததும் வாகனமும் நானும் நேராகப் பொலிஸுக்கு வரவேண்டும், புத்தகத்துக்காரரும் நேரில் வரவேண்டும் என்றார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிய இடத்தில் வீதி இல்லை, வெள்ளம்தான் இருந்தது. இரண்டு கார்கள் நடுவில் நின்றுபோயிருந்தன. ஓர் ஓட்டோவை மூன்று பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் பிறேக்கில் கால் வைத்தேன்.

"நிப்பாட்டாதையும்!" பின்னாலிருந்து இவர் குரல். காலையிலிருந்து பேசவே பெலன் இல்லாமல் இருந்த மனுசன். "முதலாம் கியர். அக்சிலேற்றரிலிருந்து காலை எடாதையும். எடுத்தால் சைலன்சருக்குள்ள தண்ணி ஏறும்."

"ஆழம் தெரியேல்லையே!"

"அந்தக் காரின்ர சில்லைப் பாரும். பாதிதான் மறைஞ்சிருக்கு. எங்கட வண்டி அதைவிட ஒரு சாண் உயரம். பதறாமல் போம்."

போனேன். தண்ணீர் கதவடியில் இரைந்தது. கொன்ஸ்டபிள் இரண்டு கையாலும் டாஷ்போட்டைப் பிடித்துக்கொண்டு "புது சரணாய், புது சரணாய்" என்று புத்தரைக் கூப்பிட்டான். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். வண்டி யாரையும் கூப்பிடவில்லை. ஒரே சீராக உறுமிக்கொண்டு, நிறைசூல் பசு நடக்கிற மாதிரி நிதானமாக இழுத்து மறுகரையில் ஏறியது. ஓடுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் எனக்கு விளங்கியது. சின்ன வெள்ளைக் கார் வாங்கியிருந்தால் நான் அந்தத் தண்ணீருக்குள் நின்று தலையில் அடித்திருப்பேன்.

"லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் போகும்?" என்று கொன்ஸ்டபிள் கேட்டான். இவர் கண்ணை மூடியபடியே, சிங்களத்தில், பெருமையாகப் பதில் சொன்னார். ஏழு ஐம்பதுக்கு மெஷினில் ஏற்றினோம்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கூரே மாத்தயாவுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். "வாறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நாலு மணித்தியாலம் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எதை எதையோ யோசித்தேன். "வித்துட்டேன், இவங்க யார் எண்டு எனக்குத் தெரியாது" என்று அவர் கைகழுவினால் என்னை உள்ளே வைப்பார்கள். "என்னுடைய ஜீப்" என்றால் சட்டப்படி அவருடையதுதான், சாவியை வாங்கிக்கொண்டு போகலாம். எப்படிப் போனாலும் செவ்வாய்க்கிழமை இவரை யார் கொண்டுவருவது? அந்த நல்ல மனிதரைப் பற்றி அத்தனை கேவலமாக யோசித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மதியம் இவரையும் ஜீப்பில் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனபோது கூரே மாத்தயா எங்களுக்கு முதலே வந்திருந்தார். கண் மங்கிய மனிதர், கொட்டாஞ்சேனையிலிருந்து மழைக்குள் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. என்னைக் கண்டதும், "அய்யாவுக்கு மெஷின் கிடைச்சதா?" என்று அதைத்தான் முதலில் கேட்டார். ஓம் என்றேன்.

பொறுப்பதிகாரி அவரை விசாரித்தார். விற்றது உண்மை, பணம் வாங்கியது உண்மை, இவர்களை எனக்குத் தெரியும் என்றார். அதிகாரிக்குக் கோபம் வந்தது.

"உமக்கு விளங்குகிறதா கூரே? இந்த ஜீப்பில் யாராவது ஒரு குண்டு வைத்திருந்தால் நாங்கள் முதலில் உடைப்பது உம்முடைய வீட்டுக் கதவைத்தான். ஒன்றரை வருடமாக இப்படி விட்டிருக்கிறீரே!"

"தெரியும் சேர்" என்றார் கூரே மாத்தயா. "என் மனைவியும் அதைச் சொல்லித்தான் தினமும் சண்டை பிடிக்கிறாள். நோயாளியை ஏற்றுகிற வண்டி, என் பெயரால் வழியில் சுணங்காமல் போகிறதென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்."

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஒன்றரை வருடமாக அது என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். அவர் பெயர் எங்களுக்குக் குடை என்று தெரிந்ததே தவிர, அந்த மழை அவர் தலையில் விழும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார். யோசித்தும் பேசாமல் இருந்திருக்கிறார்.

வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, அட்டைகளைத் தந்து எங்களைப் போகவிட்டார்கள். அவரைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியில் அழுதுகொண்டே, "மாத்தயா, என்னை மன்னியுங்கோ. திங்கக்கிழமையே பேரை மாத்துறன்" என்றேன்.

"அவசரமில்ல நோனா" என்றார். "மாத்தினா ஒவ்வொரு எடத்திலயும் உங்கள மறிப்பாங்க. அய்யாவுக்கு லேட் ஆகும். இந்த யுத்தம் முடியட்டும்."

பின்சீற்றில் இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை போய்ப் பெயரை மாற்றினேன். சிவபாதசுந்தரம் என்று முழுதாக எழுதுவித்தேன். அதன் பிறகு உண்மையாகவே ஒவ்வொரு செக் பொயின்ற்றிலும் மறித்தார்கள். சீற்றுக்கு அடியில் பார்த்தார்கள், ஸ்பெயார் சில்லைக் கழற்றினார்கள். நாங்கள் ஆறரைக்குப் பதில் ஐந்தரைக்கே வெளிக்கிட்டோம். ஒரு நாள்கூட மெஷின் தவறவில்லை.